மூன்றும் சிவப்பு வயர், ஒன்றில் மட்டும் 68 வோல்ட்: மீட்டரை நம்பலாமா?

தேவனாம்பட்டினத்தான்:
கடலூர் தேவனாம்பட்டினத்தில் அப்பா கட்டிய வீடு. மின்விசிறி சுவிட்ச் உப்புக்காற்றில் பச்சை பூத்து, போட்டால் பொறி பறக்கிறது. மாற்றலாம் என்று போர்டைத் திறந்தால், சுவிட்சுகளுக்கு வரும் மூன்று வயரும் சிவப்பு. வயர் இழுத்தவர் கையில் இருந்த சுருளைத் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறார். பிளக் பாயின்ட்டில் மட்டும் ஒரு கறுப்பும் (கரண்ட் திரும்பும் நியூட்ரல்) ஒரு பச்சையும் (கசிவை மண்ணுக்கு இறக்கும் எர்த்).

சுவிட்சுகளை அணைத்துவிட்டு, கறுப்பு வயரோடு சேர்த்து டிஜிட்டல் மல்ட்டிமீட்டரில் அளந்தேன். முதல் சிவப்பு 231 வோல்ட். இரண்டாவது 0. மூன்றாவது 68, அதுவும் நிற்காமல் ஆடுகிறது. பச்சையோடு அளந்தால் முதல் வயரே 140தான். மூன்றாவது வயரைத் தொடலாமா, கூடாதா?

புதுப்பாளையம் வாசகர்:
இதற்குப் போய் மீட்டரா? டெஸ்டரை வையுங்கள். எரிந்தால் பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர்; எரியாவிட்டால் இல்லை.

முதுநகர் வயர்மேன்:
அவசரப்படாதீர்கள். டெஸ்டரின் நியான் விளக்கு அந்த 68 வோல்ட்டுக்கும் மினுக்கலாம். உள்ளே விளக்கு செத்துப்போயிருந்தால் 230க்கும் எரியாது. எரியாத டெஸ்டரை நம்பிக் கை வைத்தவர்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

தம்பி, முதலில் ஒன்று. மீட்டரின் சிவப்புக் கம்பி வோல்ட் துளையில்தானே இருக்கிறது? 10 ஆம்பியர் துளையில் செருகிப் பேஸைத் தொட்டால் அது நேரடி ஷார்ட், கையிலேயே வெடிக்கும். குமிழ் ஏசி வோல்ட்டில், 600 அல்லது 750 அளவில் நிற்க வேண்டும். ஓம்ஸில், அதாவது தடை அளக்கும் இடத்தில் வைத்து மின்சாரம் உள்ள வயரைத் தொடவே கூடாது.

மூன்றாவது வயர் ஏதாவது பழைய விளக்குக்குப் போகிறதா? மறுமுனை எங்கும் சேராமல் தொங்கினால், ஒரே பைப்பில் பக்கத்தில் ஓடும் பேஸ் வயரிலிருந்து அதில் மின்னழுத்தம் தொற்றிக்கொள்ளும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம்; மின்சாரத்தை உறிஞ்சாமல் எட்டிப் பார்ப்பதால் இந்தப் பொய் அழுத்தத்தையும் அது காட்டிவிடும். இரண்டாவது வயர் மின்விசிறிச் சுருள் வழியாக நியூட்ரலைச் சேர்கிறது, அதனால்தான் 0.

சோதிக்க வழி இருக்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு மாட்டி மூன்றாவது வயருக்கும் கறுப்புக்கும் நடுவே இணையுங்கள். விலகி நின்று மின்சாரத்தைப் போட்டு மறுபடி அளங்கள். தொற்றிய அழுத்தம் என்றால் பல்பு எரியாது, 68 விழுந்துவிடும். எல்இடி பல்பு வேண்டாம், அது இந்தச் சொற்ப மின்சாரத்துக்கே மினுங்கி உங்களைக் குழப்பும்.

தேவனாம்பட்டினத்தான்:
ஆமாம் அண்ணா, மூன்றாவது வயர் கழற்றிப்போட்ட டியூப்லைட்டுக்குப் போவது. பல்பை இணைப்பதற்காக மெயினை அணைத்தேன். அணைத்த பிறகும் முதல் வயரில் 219 காட்டுகிறது! மீட்டர் பழுதா?

முதுநகர் வயர்மேன்:
கையை எடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா?

தேவனாம்பட்டினத்தான்:
மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

முதுநகர் வயர்மேன்:
அதுதான். நீங்கள் மெயினை அணைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, அது மின்விசிறிக்கு ஊட்ட ஆரம்பித்துவிட்டது. இன்வெர்ட்டரையும் அணையுங்கள். பிறகு கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் மீட்டரைச் சோதித்து, இந்த வயர்களை அளந்து, மறுபடி அதே இடத்தில் சோதியுங்கள். மின்சாரம் இருக்கும் பக்கத்து வீட்டு பிளக் ஆனாலும் சரி. நடுவில் மீட்டர் படுத்துவிட்டால், அது காட்டும் 0 வெறும் பொய்.

பச்சையில் 140 காட்டியதையும் விடாதீர்கள். எர்த் சரியாக இருந்தால் பேஸுக்கும் பச்சைக்கும் கிட்டத்தட்ட 230 வரும், கறுப்புக்கும் பச்சைக்கும் ஓரிரு வோல்ட்தான். கடல் ஓரத்தில் எர்த் பைப் அரிப்பெடுப்பது வழக்கம். உங்கள் ஃபிரிட்ஜின் உடலுக்கு இப்போது எர்த் பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதை நீங்களே தோண்ட வேண்டாம், உரிமம் உள்ளவரை அழையுங்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
இரண்டையும் அணைத்து, பல்பை மாட்டி, மின்சாரத்தைப் போட்டுப் பார்த்தேன். பல்பு எரியவில்லை, 68 இருந்த இடத்தில் 0. மறுபடி அணைத்து, மூன்று இடத்திலும் அளந்த பிறகே சுவிட்சை மாற்றினேன். வயர்களில் காகிதம் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன். எர்த்துக்கு ஆள் நாளைக் காலை வருகிறார். அதுவரை ஃபிரிட்ஜ் அணைந்தே இருக்கும். தோசை மாவு புளிக்கும் என்று அம்மாவுக்குத்தான் கோபம்.