அவசரம்: இருட்டினா வண்டிக்குக் காப்புறுதி கிடையாதாம், முதல் நாளே மாட்டிக்கிட்டோம்

செங்காங்_வேலு | வியாழன், இரவு 11.42
யாராவது முழிச்சிருந்தா உதவுங்க. நாளைக்கு ராத்திரி ஃபிளைட். தீவைச் சுத்தி நாங்களே கார் ஓட்டிப் பார்க்கப் போறோம், 8 நாள். இப்பத்தான் வாடகைக் கார் பேப்பரை முழுசாப் படிச்சேன். ஊர் எல்லைக்கு வெளியே, சூரியன் மறைஞ்சதுலேர்ந்து விடியற வரைக்கும் மிருகம் மோதி வண்டி சேதமானா காப்புறுதி செல்லாது, முழுச் செலவும் நம்மளோடதுன்னு போட்டிருக்கு. முதல் நாள் நாங்க ஹோட்டல் போய்ச் சேரவே 8 மணி ஆகும். ஹோட்டலுக்குக் காசு கட்டியாச்சு, திரும்பக் கிடைக்காது. இது பேருக்குப் போடற விதியா, நிஜமாவே பார்ப்பாங்களா? வேற கம்பெனி மாத்தணுமா? சைவச் சாப்பாடு கிடைக்கிற இடமும் தெரிஞ்சா சொல்லுங்க.

பிடோக்_மீரான் | 11.50
எந்தத் தீவுன்னே சொல்லலியே பாய். லங்காவின்னா ராத்திரி ரோட்டுல எருமை படுத்திருக்கும். இலங்கைன்னா யானை. எத்தனை பேர், என்ன வண்டி?

தேக்கா_ராணி | 11.54
ஆமா தம்பி, எந்த ஊர்லேர்ந்து எந்த ஊருக்குன்னு சொன்னாத்தானே. சின்னப் பிள்ளைங்க கூட வர்றாங்களா?

முன்னோடி_பயணி | 12.03
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஊர், தேதி, வண்டி, ஓட்டுநர்கள், தினசரித் தூரம். இந்த ஐந்தும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பு படிக்க வேண்டும் என்று இங்கே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.

செங்காங்_வேலு | 12.09
மன்னிக்கணும், பதற்றத்துல விட்டுட்டேன். டாஸ்மேனியா, ஆஸ்திரேலியாவோட தெற்குத் தீவு. 5 பேர்.

உட்லண்ட்ஸ்_டிரைவர் | 12.15
டாஸ்மேனியாவா, ரொம்ப சுலபம். நம்ம சிங்கப்பூர் மாதிரியே இடது பக்க ஓட்டம், நம்ம லைசென்ஸும் ஆங்கிலத்துல இருக்கு, அதுவே போதும். வண்டி முன்னாடி பம்பர்ல ஒட்டற விசில் விக்கிது, ஒரு ஜோடி வாங்கி மாட்டுங்க. ஓடும்போது மனுசக் காதுக்குக் கேக்காத சத்தம் வரும், கங்காரு விலகிடும். என் மச்சான் பெர்த்துல அதை மாட்டித்தான் ஓட்டுறான், இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல.

ஈசூன்_எஞ்சின் | 12.21
அண்ணே, அந்த மாதிரிக் கருவியைக் கங்காருகிட்ட சோதிச்சுப் பார்த்த ஆய்வுல ஒரு பலனும் தெரியல. அதுங்க திரும்பிக்கூடப் பார்க்கல. வாடகை வண்டியில எதையாவது ஒட்டினா அதுக்கும் தனியாக் காசு கேப்பாங்க.
வேலு, இங்கேயே தனியா எக்சஸ் காப்புறுதி ஒண்ணு வாங்கிக்குங்க. சேதத்துல நம்ம கட்ட வேண்டிய பங்கை அவங்க திருப்பித் தருவாங்க. பிரச்சினை முடிஞ்சது.

மிளகுத்தூள் | 12.30
முடியலைங்க. எக்சஸ் காப்புறுதி பொதுவா அந்தப் பங்கை மட்டும்தான் திருப்பித் தரும். வாடகை ஒப்பந்தத்தை மீறி ஓட்டினா கார் கம்பெனியோட அடிப்படைக் காப்புறுதியே இல்லன்னு ஆயிடும், அப்புறம் எக்சஸ்காரரும் கை விரிச்சிடுவார். இவர் கேக்கறது முழு வண்டியோட விலை. ரெண்டும் வேற வேற.

வாம்பட்_தோழி | 12.44
நான் மூணு வருஷம் ஹோபார்ட்ல படிச்சேன், அதுக்கப்புறமும் ரெண்டு தடவை போய் ஓட்டியிருக்கேன். வேலு அண்ணா, மூணு விஷயம் சொல்லுங்க. ஹோபார்ட்ல இறங்குறீங்களா லான்செஸ்டன்லயா, எத்தனை மணிக்கு? முதல் நாள் ஹோட்டல் எந்த ஊர்ல? ஓட்டறது நீங்க ஒருத்தர் மட்டுமா?

செங்காங்_வேலு | 12.52
ஹோபார்ட். சனி மதியம் 1.30. ஸ்ட்ரான். நான் மட்டும்தான். அம்மா, மனைவி, பிள்ளைங்க ரெண்டு பேர்.

வாம்பட்_தோழி | 1.20
அண்ணா, தயவுசெஞ்சு சனிக்கிழமை ஸ்ட்ரான் போகாதீங்க. காப்புறுதி இருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன்.

நமக்கு இங்க வருஷம் பூரா ஏழு மணி வாக்கில இருட்டும், அதையே மனசுல வெச்சுத் திட்டம் போடுவோம். அங்க இப்ப குளிர்காலம். ஹோபார்ட்ல ஜூன் மாசம் சாயங்காலம் 4.45க்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும், காலைல 7.40க்குத்தான் வெளிச்சம் வரும். பகல்னு இருக்கிறதே 9 மணி நேரம். சாமான் எடுத்து, வண்டி வாங்கி, கிளம்பறப்ப 2.30 ஆயிடும். ஸ்ட்ரான் 300 கிலோமீட்டர். பெரும்பாலும் மலைப்பாதை, 5 மணி நேரம் பிடிக்கும். பாதி வழி தாண்டறதுக்குள்ள இருட்டிடும். அதுக்கப்புறம் வர்றதுதான் மோசமான பகுதி. டெர்வென்ட் பிரிட்ஜ்லேர்ந்து குவீன்ஸ்டவுன் வரைக்கும் 80 கிலோமீட்டருக்கு மேல காடுதான், நடுவுல பெட்ரோல் இல்ல, போன் சிக்னலும் பெரும்பாலும் இல்ல, ராத்திரியில ரோட்டுல பனி கண்ணாடி மாதிரி உறைஞ்சிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி ஃபிளைட்ல சரியாத் தூங்காதவர் ஒருத்தரே இதை ஓட்டணும்.

அப்புறம் மிருகங்கள். பேடிமெலன்னு முயலை விடப் பெருசா ஒரு சின்னக் கங்காரு இனம், அதை விடப் பெரிய வல்லபி, மரத்துல ஏறுற போசம், குட்டைக் கால் குண்டு வாம்பட் எல்லாம் பெரும்பாலும் இருட்டினதும்தான் மேய வரும். ரோட்டோரப் புல் அதுங்களுக்குப் பிடிக்கும். விளக்கு வெளிச்சம் பட்டா அப்படியே நின்னுடும், இல்ல கடைசி நொடியில வண்டி முன்னாலயே குதிக்கும். வாம்பட் 25 கிலோ இருக்கும், பாறையில மோதின மாதிரிதான். அடிபட்டுச் செத்ததைத் தின்ன டாஸ்மேனியன் டெவில்ங்கற மாமிசம் தின்னற பிராணி வரும், அடுத்த வண்டியில அது அடிபடும். 1996லேர்ந்து முகத்துல வர்ற ஒரு புற்றுநோய், ஒண்ணை ஒண்ணு கடிக்கிறதால பரவி, அந்த இனத்துல பெரும்பகுதியை அழிச்சிடுச்சு. மிச்சம் இருக்கறதையும் நம்ம வண்டி கொல்லக்கூடாது. மஞ்சள் பலகையில மிருகப் படம் போட்டு, இருட்டு நேரத்துக்கு 65ன்னு வேகம் எழுதியிருப்பாங்க. அதை அலங்காரமா வைக்கல.

என் யோசனை இதான். சனி ராத்திரி ஹோபார்ட்லயே தங்குங்க. ஸ்ட்ரான் ஹோட்டலுக்கு இப்பவே மெயில் போட்டு, காலைல போனும் பண்ணி, ரத்து வேணாம், ஒரு நாள் தள்ளிக் குடுங்கன்னு கேளுங்க. குளிர்காலத்துல அறை காலியாத்தான் இருக்கும், மனசு வைப்பாங்க. ஞாயிறு காலைல பசியாறிட்டு 8.15க்குக் கிளம்பினா, நெல்சன் அருவிக்கு ஒரு குட்டி நடை நடந்துட்டு, 3 மணிக்கெல்லாம் ஸ்ட்ரான்.

முன்னோடி_பயணி | காலை 7.05
உணர்ச்சிவசப்பட்ட பதில். அடிப்படைத் தவறு வேறு. ஜூனில் டாஸ்மேனியாவுக்குப் போவதே தவறு. டிசம்பரில் இரவு 8.50 வரை வெளிச்சம் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அப்போதுதான் போவார்கள்.

வாம்பட்_தோழி | 7.31
டிக்கெட் எடுத்தாச்சு ஐயா, பிள்ளைங்களுக்கு ஜூன் லீவு. குளிர்காலத்துல வாம்பட் பகல்லயே வெளிய வந்து மேயும், கோடையில அது கஷ்டம். கிரேடில் மவுண்டன்ல ரானி கிரீக்ங்கற இடத்துல மதியம் 3 மணிக்கு நின்னா பலகை நடைபாதைக்குப் பக்கத்துலயே பார்க்கலாம். அதோட சாணி கட்டம் கட்டமா சதுரமா இருக்கும், பிள்ளைங்ககிட்ட காட்டுங்க. தொடாம, ஊட்டாம, வழி விட்டு நிக்கணும். அங்கேயே இருக்கற டவ் ஏரிக்குப் பகல்ல நம்ம வண்டி போக விடமாட்டாங்க, ஷட்டில் பஸ்தான். வேலு அண்ணா, அன்னிக்கு ராத்திரி அங்கேயே பக்கத்துல தங்கற மாதிரி வெச்சுக்குங்க. தேசியப் பூங்காவுக்கு 2 மாசம் செல்லும் ஹாலிடே பாஸ் வாங்குங்க, ஒரு வண்டிக்கு 8 பேர் வரைக்கும்.

உட்லண்ட்ஸ்_டிரைவர் | 7.48
இங்க மலேசியா போற காஸ்வே பாலத்தைத் தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் வேணும்ல, அதையே அங்கேயும் பழக்கமா வெச்சுக்குங்க. முக்காலுக்குக் கீழ போனா அடுத்த பம்ப்ல நிறுத்து. சிம் டெல்ஸ்ட்ராவா பார்த்து வாங்குங்க, காட்டுப் பக்கம் அதுதான் அதிக தூரம் எட்டும். வரைபடத்தைப் போன்லயே இறக்கி வெச்சுக்குங்க. விசிலை நான் இன்னும் நம்புறேன்.

தேக்கா_ராணி | 8.10
அம்மா சைவமா தம்பி? சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போ. அரிசி அங்கேயே கிடைக்கும். கறிவேப்பிலை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதே, பச்சையா உள்ளே விடமாட்டாங்க. கடைல வாங்கின பொடிப் பாக்கெட் இருந்தா மறைக்காம எழுதிக் குடு. மெல்பர்ன்ல வாங்கின ஆப்பிளைக்கூட ஹோபார்ட்ல இறங்கறப்ப குப்பையில போடணும், டாஸ்மேனியாவுக்குத் தனிச் சோதனை உண்டு, நாய் மோப்பம் பிடிக்கும்.

பிடோக்_மீரான் | 8.22
அசைவம் சாப்பிடறவங்க ஸ்காலப் பையை விட்டுடாதீங்க. உள்ள கறி மசாலா போட்ட சிப்பி. சூடா, அந்தக் குளிருக்கு அமிர்தம்.

மிளகுத்தூள் | 8.29
அதைக் கறின்னு சொல்லாதீங்க. மஞ்சள் மாவுக் குழம்பு. தாளிப்பு இல்ல, புளி இல்ல. வெள்ளைக்காரன் டப்பாவுல அடைச்ச தூளுக்கு நம்ம வார்த்தையை ஏன் தாரை வார்க்கணும்?

பிடோக்_மீரான் | 8.41
அந்தத் தூளுக்கும் வரலாறு இருக்கு. 19ஆம் நூற்றாண்டுலயே ஜோசப் கீன்னு இங்கிலாந்துலேர்ந்து குடியேறினவர் ஹோபார்ட் பக்கம் செஞ்சு வித்தது. சவுத் ஹோபார்ட் மலைச்சரிவுல இன்னிக்கும் கல்லை அடுக்கி அந்தப் பேரைப் பெருசா எழுதி வெச்சிருக்காங்க. அஞ்சாறு தலைமுறை அந்த ருசியில வளர்ந்திருக்கு. நம்ம மீன்தலைக் கறி மட்டும் என்ன? சிங்கப்பூர்ல பிறந்தது, கேரளத்துக்காரர் கைப்பக்குவம், சீனர்கள் நாக்குக்காக. அதை யாரும் கறி இல்லன்னு சொல்றதில்லியே.

மிளகுத்தூள் | 8.50
மீன்தலைக் கறியில புளி இருக்கு, வெந்தயம் இருக்கு, வெண்டைக்காய் இருக்கு. சமைச்சவருக்கு மசாலா தெரியும். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

ஈசூன்_எஞ்சின் | 8.58
இதுக்குத் தனி இழை திறங்களேன். அந்த மனுசனுக்கு இன்னிக்கு ராத்திரி ஃபிளைட்.

தேக்கா_ராணி | 9.04
கறின்னா எங்க வீட்டுல இறைச்சிதான். அதைச் சொன்னா இன்னும் சண்டை வரும். வேலு, ஹோட்டலுக்குப் போன் போட்டியாப்பா?

வாம்பட்_தோழி | 9.40
ஒண்ணு விட்டுட்டேன். பகல்லயே போனாலும் எதாவது குறுக்க வந்தா ஸ்டியரிங்கை வெட்டாதீங்க, நேரா பிரேக் மட்டும். தப்பித் தவறி மோதிட்டா ஓரமா நிறுத்தி, பாதுகாப்புன்னு தெரிஞ்சா அந்த மிருகத்தோட வயித்துப் பையில குட்டி இருக்கான்னு பாருங்க. அம்மா செத்தாலும் குட்டி உயிரோட இருக்கும். பால் காம்பை வாயில பிடிச்சிருந்தா இழுக்கக் கூடாது. போனோராங் சரணாலயத்துல 24 மணி நேரமும் வனவிலங்கு மீட்பு ஆளுங்க இருக்காங்க, அவங்க நம்பரைக் கிளம்பறதுக்கு முன்னாடியே போன்ல ஏத்திக்குங்க.

உட்லண்ட்ஸ்_டிரைவர் | சனி, மாலை 5.15
வேலு, இறங்கியாச்சா? எங்க இருக்கீங்க?

செங்காங்_வேலு | ஞாயிறு, மாலை 6.02
ஹோபார்ட்ல தங்கினோம். ஹோட்டல்ல ஒரு நாள் தள்ளிக் குடுத்துட்டாங்க. 3.20க்கு ஸ்ட்ரான் வந்துட்டோம். ரோட்டோரத்துல செத்துக் கிடந்ததைச் சின்னவ எண்ணிக்கிட்டே வந்தா, 31க்கு அப்புறம் எண்ண மாட்டேன்னுட்டா. இப்ப ஜன்னலுக்கு வெளிய ஒரு பேடிமெலன் புல்லு மேயுது, பையிலேர்ந்து குட்டி தலையை நீட்டுது. எல்லாருக்கும் நன்றி, தோழிக்கு ரொம்ப. வைஃபை போய்ப் போய் வருது.

தேக்கா_ராணி | 6.10
சந்தோஷம்பா. அம்மா என்ன சாப்பிட்டாங்க?