95 மி.மீ. லைனர் தேய்ஞ்சிருக்கு: ரிங் மட்டும் போதுமா, குடையணுமா?

பாகூர்_வயல்:
சேடை ஓட்டுற மினி டிராக்டர். ஒத்த சிலிண்டர் படுக்கை இன்ஜின், 12 எச்.பி., வெட் லைனர் (பிஸ்டன் ஓடுற உருளை, வெளிப்பக்கம் தண்ணி படும்). காலையில ஸ்டார்ட் ஆகவே அடம், நீலப்புகை, பிரீதர்ல (இன்ஜின் காத்து வெளிய போற வழி) குபுகுபுன்னு காத்து. ஹெட்டைக் கழட்டினா லைனர் மேல்பக்கம் நகத்துல படி தட்டுது. உள்விட்டம் அளக்கிற போர் டயல்ல மேல 95.28, நடுவுல 95.14, அடியில 95.05. மெக்கானிக் ரிங் செட் போதும்ங்கிறார். லேத்துல குடைஞ்சு ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டன் போடலாமா?

நெல்லிக்குப்பம்_டீசல்:
ரெண்டும் வேணாம், லைனரையே மாத்துங்க.

விட்டம் 0.28 கூடினா ரிங் வாய் (ரிங்கோட ரெண்டு நுனிக்கு நடுவுல இருக்கிற இடைவெளி) அதுல 3.14 மடங்கு, அதாவது 0.88 மி.மீ. கூடுதலா திறக்கும். புதுசுல 0.35 இருக்கிற வாய் மேல 1.23 ஆகும், அடியில 0.51தான். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ரிங் விரிஞ்சு சுருங்கிட்டே இருந்தா எங்க உட்காரும்? அந்தப் படியில புது ரிங் இடிச்சா ரிங் உடையும், இல்லைன்னா பிஸ்டன்ல ரிங் பள்ளத்துச் சுவர் பேத்துக்கும்.

குடைஞ்சா ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி அலையணும். வெட் லைனர் கழட்டி மாட்டத்தானே இருக்கு. லைனர், பிஸ்டன், ரிங், பின் கிட்டாவே வாங்குங்க.

லேத்_பட்டறை:
மாட்டுறதுலதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. பழசைப் புல்லர் போட்டு இழுங்க, சுத்தியல் வேணாம். பிளாக்ல லைனர் உட்காருற படியையும், தண்ணி கசியாம அடைக்கிற ரப்பர் ஓ ரிங் இடத்தையும் துரு போகச் சுரண்டுங்க.

முதல்ல ஓ ரிங் இல்லாம இறக்குங்க. கையாலயே போய் உட்காரணும். லைனர் கழுத்து பிளாக் முகத்தைவிட மயிரிழை எழும்பி நிக்கணும், அளவு மேனுவல்ல இருக்கும். பள்ளமா இருந்தா கேஸ்கட் பிடிக்காது. ரொம்ப எழும்பி நின்னா ஹெட் முறுக்கும்போது கழுத்து வெடிக்கும்.

அப்புறம் ஓ ரிங்கை முறுக்கில்லாம மாட்டி, சோப்புத்தண்ணி தடவி இறக்குங்க. உடனே ஓ ரிங் இருக்கிற இடத்துல உள்விட்டத்துக்கு மறுபடி டயல் விடுங்க. தடிச்ச ஓ ரிங் லைனரை நெருக்கினா பிஸ்டன் சரியா அங்கதான் பிடிக்கும். இதை யாரும் அளக்கிறதே இல்ல.

ரிங்கை லைனருக்குள்ள பிஸ்டன் தலையால நேராத் தள்ளி வாயை ஃபீலர் தகடுல பாருங்க, 0.3-லேர்ந்து 0.45 வரை சரி. வாய்களை 120 டிகிரி தள்ளித் தள்ளி வைங்க. ஹெட் மாட்டினதும், ஆயில் ஊத்துறதுக்கு முன்னாடி ஹாப்பர்ல (இன்ஜின் தண்ணித்தொட்டி) தண்ணி நிரப்பி, பின்மூடி வழியா லைனர் அடியில கசிவு பாருங்க.

பாகூர்_வயல்:
புது லைனரை ஹோனிங் (உள்சுவரைக் கல்லால தேய்ச்சு மெல்லிய கீறல் போடுறது) பண்ணணுமா?

லேத்_பட்டறை:
ஹோன் பண்ணியேதான் வரும். சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்க. டீசல்ல கழுவினா ஹோன் பண்ணின பொடி போகாது. வெள்ளைத்துணி கறுக்காம வர்ற வரைக்கும் துடைச்சு, உடனே ஆயில் பூசுங்க.

பண்ருட்டி_செம்மண்:
மேல மட்டும் இப்படித் தேய்ஞ்சா தூசியைச் சந்தேகப்படுங்க. ஏர் கிளீனர் ஹோஸ்ல வெடிப்பு, கிளாம்ப் தளர்வு, ஆயில் பாத்ல (கிளீனர் அடியில தூசி பிடிக்கிற ஆயில் கிண்ணம்) ஆயில் கோட்டுக்குக் கீழ, இதுல ஒண்ணு இருக்கும். அதை விட்டுட்டு கிட் மாத்தினா புது லைனரும் இதே கதிதான். கடலோரத்து உப்புப் போர்வெல் தண்ணியை ஹாப்பர்ல ஊத்தாதீங்க, லைனர் வெளிப்பக்கம் அரிச்சு ஓட்டை விழும். முதல் 25 மணி நேரம் பாதி லோடு, சும்மா ஐடிலிங்ல விடாதீங்க. அதுக்கப்புறம் ஆயிலை மாத்துங்க.