டோன் கிளஸ்டருக்குத் தமிழ்: கொத்தா, திரளா?

மாதுங்காவிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு,

டோன் கிளஸ்டருக்கு, அதாவது அடுத்தடுத்த சுரங்கள் பல நெருக்கமாக ஒரே நேரத்தில் ஒலிப்பதற்கு, தமிழ்ச் சொல்லாக வந்த பரிந்துரைகளில் ‘சுரக்கொத்து’ பக்கமே பலரும் சாய்கிறீர்கள். கணினித் துறையில் கிளஸ்டரைக் கொத்து என்று ஏற்கெனவே பழகிவிட்டோம் என்பது உண்மைதான். ஆனாலும் முடிவு செய்யுமுன் இசையமைப்பாளர் லிகெட்டி 1961-இல் எழுதிய ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’ என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். சுமார் 9 நிமிடம்தான். லோக்கல் ரயிலில் வேண்டாம், அதன் மெல்லிய பகுதிகள் சக்கரச் சத்தத்தில் போய்விடும். இரவில் வீடு அடங்கிய பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

நம் மும்பை என்.சி.பி.ஏ. அரங்கில் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்போது பார்த்திருப்பீர்கள்: முதல் வயலின்காரர்கள் எல்லோருடைய வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அத்தனை பேருக்கும் ஒரே வரி. லிகெட்டியிடம் தந்திக் கலைஞர்கள் 56 பேர், ஆளுக்கொரு வரி. தொடக்கத்திலேயே ஐந்து ஸ்தாயிக்கு மேல் பரந்த ஒரு ஒலி, சத்தமே போடாமல் வந்து நிற்கிறது. மெட்டு இல்லை, தாள வாத்தியம் இல்லை. பிறகு ஒரு இடத்தில் நான்கு பிக்கோலோக்கள் (சிறிய புல்லாங்குழல்கள்) காது கூசும் உச்சிக்கு ஏறிச் சட்டென்று அறுந்துவிட, அதே கணம் எட்டு டபுள் பேஸ்கள் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியங்கள்) அடியாழத்தில் பிடித்துக்கொள்கின்றன. முதல் தடவை எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அந்த எட்டும் எட்டாகக் கேட்கவே இல்லை.

அங்கேதான் கொத்து இடிக்கிறது. சாவிக்கொத்தில் சாவிகளை எண்ணலாம். திராட்சைக் கொத்திலிருந்து ஒன்றைப் பறிக்கலாம். மாலை 7 மணிக்கு தாதர் நடைமேம்பாலத்தில் இருப்பதை யாரும் மக்கள்கொத்து என்பதில்லை, மக்கள்திரள் என்போம். ஒவ்வொருவரும் தன் ரயிலுக்குத்தான் போகிறார். மேலிருந்து பார்த்தால் மொத்தமாக ஊர்கிறது. இந்த இசையிலும் உள்ளே ஒவ்வொரு இழையும் நகர்ந்துகொண்டே இருக்க, நம் காதுக்கு ஒலியின் நிறம் மாறுவது மட்டும் எட்டுகிறது. அதனால் ‘சுரத்திரள்’ என்பது என் வாக்கு.

‘நரம்புத்திரள்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சுரத்தை நரம்பு என்று சொல்லி, இணை, கிளை, பகை, நட்பு என்று உறவு வகுத்த மரபு நமக்கு உண்டு. எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைய வாசகர் அதை மருத்துவச் சொல் என்றே எடுத்துக்கொள்வார்.

செம்பூரிலிருந்து:

தம்பி, திரள் சரி. சுரம்தான் எனக்கு ஒப்பவில்லை. வீணை சொல்லிக்கொடுக்கிறவள் நான். சட்ஜத்தை (‘ஸ’வை) வைத்துத்தான் மற்ற சுரத்துக்கெல்லாம் பெயரே. இன்றைக்கு என் சட்ஜமாக இருப்பது வேறொருவர் சுருதியில் பஞ்சமமாகிவிடும். நீங்கள் சொன்னபடி மூன்று இரவு கேட்டேன். முதல் இரண்டு நாளும் காது ஆதார சுருதியைத் தேடித் தேடி அலுத்துப்போனது. மூன்றாம் நாள் தேடுவதை விட்டேன், அப்புறம்தான் ரசிக்கவே முடிந்தது. உறவே இல்லாத இடத்தில் சுரம் என்ற பெயர் எதற்கு? ‘தொனித்திரள்’ என்று வையுங்கள். ஒலித்திரள் வேண்டாம், அதில் தெருச் சத்தமும் சேர்ந்துவிடும்.

இன்னொன்று. பியானோவில் முன்கையை வைத்து அழுத்துகிறார்களே, அதற்கும் இதே சொல்தானா?

மாதுங்காவிலிருந்து:

அக்கா, ஒப்புக்கொள்கிறேன். சட்ஜத்தை நான் யோசிக்கவே இல்லை.

முன்கை வாசிப்பை நிலைநிறுத்தியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கோவெல். தன் 13-ஆவது சிம்பொனிக்கு ‘மெட்ராஸ்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவருடைய பியானோவில் கைக்கு அடியில் உள்ள எல்லாக் கட்டைகளும் ஒரே நேரத்தில் அழுந்துகின்றன, உள்ளே நகர்வு இல்லை. ஆனாலும் காதில் விழுவது ஒரே பிழம்புதான், தனித்தனிக் கட்டை தெரிவதில்லை. ஆகவே அதற்கும் தொனித்திரள் பொருந்தும், இரண்டு சொல் தேவைப்படாது.

உள்ளே இழைகள் நகரும் முறைக்கு லிகெட்டியே வைத்த பெயர் மைக்ரோபாலிஃபொனி. அதற்கு ‘நுண்ணிழைப் பின்னல்’ என்று எழுதிப் பார்த்தேன். பின்னலில் முடிச்சு தெரியும், இதில் தெரியாது. நெசவுச் சொற்களில் எதாவது அகப்படுமா என்று பாருங்கள்.