பிரிட்ஜ் ஓடுகிறது, உள்ளே விளக்கு மட்டும் எரியவில்லை: வழி சொல்லுங்கள்

கேட்டவர், ஏற்காடு:
வணக்கம். எங்களுடையது பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ். கம்ப்ரஸர் ஓடுகிறது, ஐஸும் பிடிக்கிறது. விளக்கு மட்டும் எரியவில்லை. புது பல்பு மாற்றியும் பலனில்லை. கதவை வெடுக்கென்று இழுத்தால் எப்போதாவது ஒரு மின்னு மின்னி அணைகிறது. அம்மாவுக்குப் பார்வை குறைவு, அவருடைய இன்சுலின் இதற்குள்தான் இருக்கிறது. விடியற்காலையில் தடவித் தடவி எடுக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. மெக்கானிக் பிரிட்ஜையே சேலத்துக்கு அனுப்பச் சொல்கிறார். 20 கொண்டை ஊசி வளைவு இறக்கித்தான் ஆக வேண்டுமா?

பதில், அஸ்தம்பட்டி:
வேண்டாங்க. கம்ப்ரஸர் ஓடுகிறது என்றால் பிரிட்ஜுக்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறது. விளக்குக்குப் போவது தனி வயர். அதில் கதவு ஸ்விட்ச், ஹோல்டர், பல்பு, இவ்வளவுதான். கதவு மூடும்போது பொத்தான் அமுங்கி விளக்கு அணையும், திறந்தால் பொத்தான் வெளியே வந்து எரியும். மின்னி அணைகிறது என்கிறீர்கள், அதனால் எனக்கு ஸ்விட்ச் மேல்தான் சந்தேகம். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கி விடுங்கள். சட்டென்று துள்ளி வர வேண்டும்.

பதில், சூரமங்கலம்:
ஹோல்டரையும் பாருங்கண்ணா. மேலே ஏற்காட்டில் பனியும் ஈரமும் அதிகம், பித்தளையில் பச்சை பூத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பல்பைக் கழற்றினால் ஹோல்டரின் அடியில் சின்ன நாக்கு மாதிரி ஒரு தகடு தெரியும். அது படிந்து போயிருந்தால் புது பல்பும் எரியாது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மரக்குச்சியால் கொஞ்சம் நெம்பி விடுங்கள். அப்புறம், பழைய பல்பில் 15 வாட் என்று போட்டிருந்தால் அதற்கு மேல் போடாதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் மூடி உருகும்.

கேட்டவர், ஏற்காடு:
இரண்டையும் பார்த்தேன். நாக்கில் பச்சை இருந்தது, தேய்த்துவிட்டேன். ஆனாலும் எரியவில்லை. பிறகு பொத்தானை அமுக்கினால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஓரத்தில் கறுப்பாகப் பிசுக்கு. நகத்தால் வெளியே இழுத்ததும் விளக்கு எரிந்தது! கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதுமா? இல்லை, ஸ்விட்சை விட்டுவிட்டு இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிடலாமா?

பதில், அஸ்தம்பட்டி:
இரண்டுமே வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டி மறுபடி இறுகும். வயரை முறுக்கினால் கதவு மூடிய பிறகும் பல்பு இரவு பகலாக எரிந்து உள்ளே சூடு ஏற்றும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, அதை வைத்துக்கொண்டு இந்த வேலை ஆகாது. பிளக்கைப் பிடுங்கி, எந்த வயர் எங்கே என்று போட்டோ எடுத்துவிட்டு, ஸ்விட்சை மெல்ல நெம்பினால் வந்துவிடும். வயர் உள்ளே போய்விடாமல் டேப் போட்டு வெளியிலேயே ஒட்டி வையுங்கள். பழைய ஸ்விட்சையே கடைக்குக் கொண்டுபோய் அதே அளவு, அதே பின் உள்ளதாக வாங்குங்கள். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் அங்கேயே உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், சின்ன வேலைதான்.

மாற்றியதும் போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். படம் இருண்டால் ஸ்விட்ச் சரி.

கேட்டவர், ஏற்காடு:
சேலத்துக்கு வந்த தம்பியிடம் சொல்லி ஸ்விட்ச் வாங்கிவிட்டேன். மாட்டியாயிற்று, எரிகிறது. வீடியோவிலும் கதவு மூடியதும் இருட்டாகிவிட்டது. இருவருக்கும் ரொம்ப நன்றிங்க.