பேரண்டத்தின் வயதை அளந்த கதை: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

கயல்விழி: அத்தை, பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வேறொரு நூலைப் புரட்டினால், நாம் காணக்கூடிய பேரண்டத்தின் எல்லை ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாகப் போட்டிருக்கிறது. ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு என்றால், இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

செல்வி: இரண்டும் சரிதான், கயல். ஆனால் அதை விளக்குவதற்கு முன், இந்தத் தொலைவுகளை மனிதர்கள் எப்படி அளந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் எண்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் புகைப்படத் தகடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்ரியட்டா லெவிட், பால்வெளிக்கு அருகே உள்ள சிறு விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லன் மேகத்தின் 25 செஃபீடு விண்மீன்களைப் பற்றி 1912இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செஃபீடு என்பது குறிப்பிட்ட கால இடைவெளியில் மங்கியும் பிரகாசித்தும் வரும் விண்மீன். அந்த இடைவெளி நீளமாக இருந்தால், விண்மீனின் உண்மையான ஒளியும் அதிகமாக இருக்கும் என்பதே அவர் கண்டது. உண்மையான ஒளி தெரிந்து, நம் கண்ணுக்கு எட்டும் ஒளியும் தெரிந்தால், தொலைவைக் கணக்குப் போட்டுவிடலாம், ஏனென்றால் தொலைவு இரு மடங்கானால் வந்து சேரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் லெவிட்டுடையதுதான்.

பாலு: அக்கா, பாடநூல்களில் வானியலாளர் எட்வின் ஹப்பிள் பெயர்தானே முன்னால் வருகிறது?

செல்வி: லெவிட் கொடுத்த அளவுகோலைக் கையில் எடுத்தவர் ஹப்பிள், பாலு. 1923 அக்டோபரில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில், 100 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியால், வானில் மங்கலான மேகம்போலத் தெரியும் ஆண்ட்ரோமெடாவைப் படம் பிடித்தார். கண்ணாடித் தகட்டில் புதிதாகத் தெரிந்த ஒரு புள்ளியைத் திடீரென ஒளிரும் நோவா என்று நினைத்து, அதன் அருகே மையால் ஓர் எழுத்தைக் குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அது மங்கி மங்கி ஒளிரும் செஃபீடு என்று தெரியவந்தது. முதலில் எழுதியதை அடித்துவிட்டு, மாறு விண்மீன் என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதினார். அதன் கால இடைவெளி ஏறத்தாழ 31 நாள். கணக்குப் போட்டதில் ஆண்ட்ரோமெடா சுமார் 9 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதாக வந்தது. நம் விண்மீன் மண்டலமான பால்வெளியின் அகலத்துக்கு அன்று சொல்லப்பட்ட மிகப் பெரிய மதிப்பே 3 லட்சம் ஒளியாண்டுதான். ஆகவே அது நமக்கு வெளியே உள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் என்பது உறுதியாயிற்று.

சுதா: அண்ணி, தொலைவு புரிகிறது. பேரண்டம் விரிகிறது என்கிறார்களே, அதை எப்படிக் கண்டார்கள்?

செல்வி: ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையைக் கொண்டுதான், சுதா. ஒரு மண்டலம் நம்மை விட்டு விலகினால் அதன் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். அமெரிக்காவின் லோவல் ஆய்வகத்தின் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் இந்த நகர்வை அளந்துவந்தார். பெல்ஜியத்தைச் சேர்ந்த பாதிரியாரும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமேத்ர், மண்டலங்களுக்கு இடையிலான வெளிதான் விரிகிறது என்ற முடிவை 1927இல் எழுதினார். தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதை ஹப்பிள் 1929இல் அளவீடுகளோடு காட்டினார்.

சுதா: எல்லாம் நம்மை விட்டு விலகுகின்றன என்றால், நாம் நடுவில் இருக்கிறோம் என்றாகிவிடாதா?

செல்வி: ஆகாது. ஓர் எலாஸ்டிக் நாடாவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பொத்தான்களைத் தைத்துவிட்டு, நாடாவை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். எந்தப் பொத்தானிலிருந்து பார்த்தாலும் அடுத்தது 1 சென்டிமீட்டரும் பத்தாவது 10 சென்டிமீட்டரும் தள்ளிப் போயிருக்கும். எந்த மண்டலத்தில் இருந்து பார்த்தாலும் இதே காட்சிதான் தெரியும். ஆனால் ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அருகில் உள்ளவற்றை ஈர்ப்பு விசை பிடித்து வைத்திருப்பதால் அங்கே விரிவு செல்லுபடியாவதில்லை.

பாலு: வேகத்திலிருந்து வயது எப்படி வரும்?

செல்வி: எல்லாம் ஒரு காலத்தில் நெருங்கி இருந்து விலகத் தொடங்கியிருந்தால், இன்றைய தூரத்தை எட்ட ஆன காலமே பேரண்டத்தின் வயது. அதைக் கயலே போடட்டும். 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மண்டலம் நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவதாக ஹப்பிளுக்குக் கிடைத்தது. ஒளியின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர்.

கயல்விழி: ஒளி அதைவிட 600 மடங்கு வேகமாகப் போகிறது. எனவே அந்தத் தூரத்தைக் கடக்க அந்த மண்டலத்துக்கு 32.6 லட்சத்தின் 600 மடங்கு ஆண்டுகள், அதாவது 195.6 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். அத்தை, பூமியின் வயதே 450 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று படித்திருக்கிறேனே!

செல்வி: அந்த முரண்தான் அறிஞர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் வாட்டியது, கயல். பாறைகளின் கதிரியக்கத்தை வைத்து 1940களில் பூமிக்குச் சொல்லப்பட்ட ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளே பேரண்டத்தின் வயதைத் தாண்டி நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் நகர விளக்குகள் அணைக்கப்பட்டதால் மவுண்ட் வில்சனுக்கு நல்ல இருட்டு வாய்த்தது. அதைப் பயன்படுத்தி வானியலாளர் வால்டர் பாடே ஆண்ட்ரோமெடாவின் மையப் பகுதி விண்மீன்களைத் தனித்தனியாகப் படம் பிடித்தார். விண்மீன்கள் இரு தொகுதிகளாக இருப்பதும், செஃபீடுகளும் அவ்வாறே இரு வகைப்படுவதும் அந்த ஆய்வின் தொடர்ச்சியாகத் தெளிந்தன. ஹப்பிள் அளந்தவை பிரகாசமான வகை. அளவுகோலோ மங்கலான வகைக்குப் பொருந்துவது. அதனால் எல்லாத் தொலைவுகளும் இரு மடங்காகும் என்று 1952இல் அறிவித்தார். பின்னர் வேறு திருத்தங்களும் சேர்ந்து, இன்று ஆண்ட்ரோமெடாவின் தொலைவு 25 லட்சம் ஒளியாண்டு என்றும், வேகம் நொடிக்கு 500 கிலோமீட்டர் என்று இருந்த இடத்தில் ஏறத்தாழ 70 என்றும் கொள்கிறோம். மறுபடியும் போட்டுப் பார்.

கயல்விழி: 1,397 கோடி வருகிறது. 1,380க்கு இவ்வளவு அருகில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

செல்வி: வேகம் என்றும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு நீ போட்டது அது. உண்மையில் முதலில் ஈர்ப்பு விசை விரிவைத் தணித்தது. பிற்காலத்தில் விரிவு முடுக்கம் பெற்றது. இதை 1998இல் வெடித்துச் சிதறும் விண்மீன்களான தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்த இரண்டு குழுக்கள் கண்டறிந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் விடை பக்கத்தில் வந்து நிற்கிறது. இப்போது உன் முதல் கேள்விக்கு வருகிறேன். நமக்கு எட்டும் மிகப் பழைய ஒளி, பேரண்டத்தின் தொடக்கமான பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்டது. அது பயணம் செய்த காலமெல்லாம், அது கடந்து வந்த வெளியும் விரிந்துகொண்டே போனது. அந்த ஒளியை அனுப்பிய இடம் இன்று எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால் 4,600 கோடி ஒளியாண்டு என்பது விடை. ஒளி எவ்வளவு காலம் பயணம் செய்தது என்று கேட்டால் 1,380 கோடி ஆண்டுகள் என்பது விடை.

பாலு: 70 என்பதை ஏன் ஏறத்தாழ என்று சொல்கிறீர்கள், அக்கா? இன்னுமா துல்லியமாகத் தெரியவில்லை?

செல்வி: அதில்தான் இன்று பெரிய கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்தப் பழைய ஒளியை ஆராய்ந்த பிளாங்க் விண்கலத்தின் கணக்குப்படி 67.4; செஃபீடுகளையும் சூப்பர்நோவாக்களையும் கொண்டு அளந்தால் 73. மற்றதையெல்லாம் மாற்றாமல் 73ஐ மட்டும் வைத்தால் வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள் குறைந்துவிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே செஃபீடுகளை மீண்டும் அளந்து, முந்தைய அளவீடுகளில் பெரும் பிழை இல்லை என்று காட்டியிருக்கிறது. வேறு வகை விண்மீன்களையும் சேர்த்து அளந்த இன்னொரு குழுவுக்கு 70ஐ ஒட்டிய மதிப்பு கிடைத்திருக்கிறது. அளவீட்டில் பிழையா, அல்லது பேரண்டத்தைப் பற்றிய நம் கோட்பாட்டில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.