இபிகேனியாவும் ஈசாக்கும் ஒரே கதையா?

கேள்வி:
கிரேக்கப் புராணத்தில் அரசன் அகமெம்னான் மகள் இபிகேனியாவைப் பலி கொடுக்கப் போகிறான். ஆர்ட்டெமிஸ் தேவதை கடைசி நொடியில் மானை வைத்துவிட்டு அவளைத் தூக்கிப் போகிறாள். பைபிளில் ஆபிரகாம், கடவுள் கேட்டபடி, மகன் ஈசாக்கின்மேல் கத்தியை ஓங்குகிறான். புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா கிடைக்கிறது. பெயரை மாற்றினால் இரண்டும் ஒன்றுதானே?

பதில்:
இபிகேனியா கதையைச் சொல்லும் எல்லோரும் மான் கொடுப்பதில்லை. கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகத்தில், சாபம் வந்துவிடக் கூடாதென்று பெண்ணின் வாயை அடைத்துப் பலிபீடத்தின்மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறான் தகப்பன். அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்கவுமில்லை, சொல்லவும் மாட்டோம் என்று கதையைப் பாடும் முதியவர் குழு முடித்துக்கொள்கிறது.

பதில்:
மானையும் ஆட்டையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது? அகமெம்னானுக்குத் தேவை டிராய் நகரப் போருக்குக் கப்பல் விடக் காற்று. மகளைக் கொடுத்தால் காற்று வரும், பேரம் அவ்வளவுதான். ஆபிரகாமுக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை. ‘ஈசாக்கின் வழியாகத்தான் உன் சந்ததி’ என்று இதற்கு முந்தின அதிகாரத்திலேயே கடவுள் வாக்கு கொடுத்தாயிற்று. இப்போது அந்த வாக்கையே வெட்டிப்போடச் சொல்கிறது அதே குரல். எனக்கு இதுதான் பயங்கரம், கத்தி இல்லை.

இன்னும் பின்னால் போய், பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் பிளந்து எதிரெதிரே வைக்கிறார் ஆபிரகாம். உடன்படிக்கை செய்பவர்கள் துண்டுகளுக்கு நடுவே நடக்க வேண்டும்: மீறினால் எனக்கும் இதே கதி என்று பொருள். ஆனால் அவர் தூங்கிவிடுகிறார். கடவுளின் அடையாளமாய்ப் புகைகிற சூளையும் தீவட்டியும் மட்டும் கடந்து போகின்றன. கட்டுப்படுவது கடவுள் தரப்பு மட்டுமே!

கேட்டவர்:
சரி, கிரேக்கக் கடவுள்கள் வாக்கே கொடுப்பதில்லையா?

பதில்:
கொடுப்பார்கள். பாதாள உலகின் ஸ்டிக்ஸ் ஆற்றின்மேல் பொய்ச்சத்தியம் செய்த கடவுள் ஓராண்டு மூச்சின்றிக் கிடப்பார், அப்புறம் ஒன்பதாண்டு விருந்துக்குச் சேர்க்கமாட்டார்கள் என்கிறார் கிரேக்கக் கவிஞர் ஹீசியட். ஆனால் ஒருவருக்குக் கொடுத்த வாக்கு இன்னொருவரைக் காக்காது. இலியட் காவியத்தில் தலைமைக் கடவுள் ஜீயஸ், கடல் தேவதை தீட்டிஸுக்கு, அவள் மகனுக்காகக் கிரேக்கரைத் தோற்கவைப்பதாகத் தலையசைத்து வாக்களிக்கிறார். அதைக் காப்பாற்ற அகமெம்னானுக்குப் பொய்க்கனவு அனுப்புகிறார்.

இபிகேனியாவுக்கு ஜோடி தேடினால் ஈசாக்கிடம் போகாதீர்கள், பைபிளில் நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல் தலைவன் யெப்தாவின் மகள் இருக்கிறாள். அம்மோனியரை ஜெயித்தால், வீட்டு வாசலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொண்டான். தம்புரு கொட்டி ஆடிவந்தவள் ஒரே மகள். அங்கே ஆட்டுக்கடா வரவில்லை. யூத மத அறிஞர்களான ரபிகளும் யெப்தாவை விட்டுவைக்கவில்லை. நேர்த்திக்கடனை ரத்துசெய்ய ஆசாரியன் பினெகாஸ் இருந்தான். ‘அவன் வரட்டும்’ என்று பினெகாஸும், ‘தலைவன் நான் போவதா’ என்று யெப்தாவும் வீம்பு பிடித்ததில் பெண் போனாள் என்று ரபிகளின் வேத விளக்கமான மித்ராஷ் திட்டுகிறது.