503-இல் 267 போனால் மீதம் எவ்வளவு? முதல் மூன்று ஆண்டுகளுக்கு மாதத் தேர்வு வேண்டுமா?

செந்தூல்வாசி:
மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 2019 முதல் 1, 2, 3-ஆம் ஆண்டுகளுக்குத் தேர்வு கிடையாது. 2021-இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆரும் போய்விட்டது. நான்காம் ஆண்டில் ஊஆசா என்னும் கல்வியாண்டு இறுதித் தேர்வு வரும்வரை பெற்றோர் கையில் கிடைப்பது, ஆசிரியர் 1 முதல் 6 வரை போடும் ‘அடைவுநிலை 3’ போன்ற ஒற்றை எண்தான். அதை வைத்துப் பிள்ளைக்குக் கழித்தல் வருமா வராதா என்று எப்படிச் சொல்வது? கணிதத்துக்கு மட்டுமாவது மாதம் ஒரு தாள் வேண்டும் என்கிறேன். 20 கேள்வி, 40 நிமிடம், மதிப்பெண்ணோடு.

பிறை_ஆசிரியை:
ஐயா, அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கிறது. அடிப்படைச் செயல்களைச் செய்யத் தெரிந்தால் 3. அன்றாட வாழ்க்கையில் வரும் எளிய பிரச்சனைக் கணக்கைத் தீர்த்தால் 4. சிக்கலானதைப் பல உத்திகளில் தீர்த்தால் 5. பழக்கமில்லாத கணக்கைத் தானே யோசித்து முடித்தால் 6.

மதிப்பெண்ணால் இந்த அளவுகூடச் சொல்ல முடியாது. 503 − 267 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விடை 236. ஒரு பிள்ளை 364 எழுதுகிறது: எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிட்டது. இன்னொரு பிள்ளை 246 எழுதுகிறது: நூறிலிருந்து கடன் வாங்கத் தெரிகிறது, ஆனால் நடுவில் இருந்த சுழியம் 10 ஆகி, அதிலிருந்து ஒன்று ஒன்றுகளுக்குப் போனபின் 9 ஆக வேண்டும் என்பது தெரியவில்லை. தாளில் இருவருக்கும் ஒரே சுழியம். முதல் பிள்ளைக்குக் கழித்தல் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒரே ஒரு படி போதும்.

செந்தூல்வாசி:
டீச்சர், நீங்கள் சொன்ன 364-ம் 246-ம் தாளில் எழுதியதால்தானே கண்ணில் பட்டன? என் வாதமே அதுதான். வகுப்பில் 35 பேர் இருக்கிறார்கள், ஒரு பாடவேளை 30 நிமிடம். ஒவ்வொரு பிள்ளையையும் மூன்று நிமிடம் உட்கார வைத்துக் கேட்டால் 105 நிமிடம், அதாவது மூன்றரைப் பாடவேளை. யாரும் செய்ய மாட்டார்கள். கடைசி வாரத்தில் நினைவை வைத்து எண்களை நிரப்புவார்கள். அப்படி வரும் 3-க்கும் 4-க்கும் வேறுபாடு ஏது?

மணிச்சட்டம்:
இந்த இடத்தில் செந்தூல்வாசி பக்கம்தான் நான். நினைவை வைத்து நிரப்பிய அடைவுநிலை மதிப்பீடே அல்ல. ஆனால் 20 கேள்வி அதிகம். எட்டுப் போதும், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிழையைப் பிடிக்கும்படி அமைய வேண்டும். 618 ÷ 6 கொடுங்கள். 103-க்குப் பதில் 13 வந்தால் பத்தின் இடத்தில் சுழியம் போடவில்லை. 5 ரிங்கிட்டிலிருந்து 2 ரிங்கிட் 35 சென் கழிக்கச் சொல்லுங்கள். 3 ரிங்கிட் 35 சென் என்று வந்தால் ரிங்கிட்டை மட்டும் கழித்துவிட்டு 35 சென் என்பதை அப்படியே இறக்கியிருக்கிறது.

இன்னொன்று: வாய்பாடு. அதை மனப்பாடம் என்று ஒதுக்குவது தவறு. 7 × 8-ஐ ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணும் பிள்ளை, நீள் வகுத்தலில் பாதியில் எந்தப் படியில் நின்றோம் என்பதையே மறந்துவிடும். சரளம் இருந்தால்தான் யோசிக்க இடம் கிடைக்கும்.

பிறை_ஆசிரியை:
சரளம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மூன்று நிமிடத்தில் 40 கேள்வி என்று கடிகாரத்தை வைத்து விரட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். 5 × 8 = 40, 2 × 8 = 16, சேர்த்தால் 56 என்று வரத் தெரிந்த பிள்ளை மறந்தாலும் மீண்டுவிடும். ஒப்பிக்க மட்டும் தெரிந்த பிள்ளை 7 × 1-இலிருந்து பாட ஆரம்பிக்கும்.

தாளில் மறைந்துபோகும் இன்னொன்று மொழி. ‘தொண்ணூறு’ என்பதில் நூறு ஒலிக்கிறது, ‘தொள்ளாயிரம்’ என்பதில் ஆயிரம் ஒலிக்கிறது. ‘ஆயிரத்து இரண்டு’ என்று சொன்னால் 10002 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. காதில் விழுந்த வரிசையிலேயே 1000-ஐயும் 2-ஐயும் ஒட்டிவிடுகிறார்கள். எழுத்துத் தாளில் எண் அச்சிலேயே இருப்பதால் இது வெளியே வராது. எண்ணை வாயால் சொல்லி எழுதச் சொன்னால்தான் தெரியும்.

செந்தூல்வாசி:
இது எனக்குத் தோன்றவில்லை, ஏற்கிறேன். ஆனால் பிரச்சனைக் கணக்கைத் தாளில்தானே பார்க்க முடியும்?

பிறை_ஆசிரியை:
பார்க்கலாம், கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து. “கவியிடம் 24 கோலிகள் உள்ளன. அது மாறனிடம் உள்ளதைவிட 9 அதிகம். மாறனிடம் எத்தனை?” ‘அதிகம்’ என்றால் கூட்டல் என்று சொல்லிக்கொடுத்த வகுப்பில் 33 என்று வரும். விடை 15. சொல்லுக்குக் கோடு போட்டுச் செயலைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை நாமே ஊட்டுகிறோம். இரண்டு பட்டை வரைந்து எது நீளம் என்று முதலில் கேட்க வேண்டும்.

மணிச்சட்டம்:
சுழியத்தில் மாட்டும் பிள்ளைகளுக்கு ஓர் எளிய வழி. 503 − 267-இல் இரண்டு எண்ணிலும் 4 குறைத்து 499 − 263 ஆக்கிவிட்டால் கடனே வாங்க வேண்டாம்.

பிறை_ஆசிரியை:
அருமையான வழி, ஆனால் 246 எழுதிய பிள்ளைக்கு முதல் நாளே அதைக் கொடுக்காதீர்கள். இடமதிப்பில் உள்ள ஓட்டை அப்படியே இருக்கும். விளையாட்டுப் பணம் எடுங்கள். 100, 10, 1 ரிங்கிட் நோட்டு மட்டும். 5, 20, 50 கலந்தால் குழப்பம். ஐந்து 100, மூன்று 1. ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றட்டும், அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றாக மாற்றட்டும். இப்போது மேசையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. அந்த ஒன்பதைப் பிள்ளையே எண்ணிச் சொல்ல வேண்டும்.

செந்தூல்வாசி:
அப்படியானால் எட்டுக் கேள்வி, 12 நிமிடம், மாதம் ஒரு முறை. ஆசிரியர் திருத்தும்போதே மூன்று கட்டாகப் பிரித்துவைத்து, ஒரே மாதிரிப் பிழை விட்ட ஆறேழு பேரை மட்டும் கூப்பிட்டுப் பேசட்டும். அந்தத் தாள் பெற்றோர் கையெழுத்துக்கு வீட்டுக்கு வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிறை_ஆசிரியை:
வரட்டும். மேலே 5/8 என்று எழுதாமல், “சுழியத்தைத் தாண்டிக் கடன் வாங்குவதில் தடுமாற்றம்” என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறேன்.

செந்தூல்வாசி:
இரண்டையும் எழுதுங்கள், டீச்சர். எண் இல்லாவிட்டால் போன மாதத்தோடு ஒப்பிட முடியாது.

பிறை_ஆசிரியை:
போன மாதம் 364, இந்த மாதம் 246 என்று வந்தால் மதிப்பெண் இரண்டு முறையும் சுழியம்தான், ஐயா. பிள்ளை ஆனால் வெகுதூரம் வந்திருக்கிறது.